நெடுவரிசைப் புராணம்

மன்னர்கள் நாடு பிடித்த கதையையெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தாயிற்று. நாற்பது நெடுவரிசை உள்ள ஓர் அட்டவணையிலிருந்து இரண்டே இரண்டைப் பிடிக்க மனித குலம் பட்ட பாட்டை மட்டும் யாரும் பாடத்தில் வைக்கவில்லை. வைத்திருந்தால், புள்ளியியல் படிக்க வருகிற நாலு பேரும் வணிகவியலுக்குப் போயிருப்பார்கள்.

கோரிக்கை என்னவோ எளிமையானதுதான். பெயர், வயது, ஊர், உயரம், எடை என்று அட்டவணை நீண்டுகொண்டே போகிறது. "வயதும் ஊரும் போதும், மற்றதை ஓரமாக வை" என்கிறார் ஒருவர். எதிரே இருக்கும் இயந்திரத்துக்கு இரண்டு வழி உண்டு. கேட்டதைக் கொடுத்துவிடலாம். அல்லது, "இவர் வாயால் கேட்பது இது, மனசுக்குள் கேட்பது எதுவோ?" என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். இந்தப் புராணத்தில் வருகிற பெரும்பாலான அழுகை இரண்டாவது வழியில் வந்தது.

ஓட்டைக் காண்டம்

1880-ல் அமெரிக்க அரசு தன் குடிமக்களைத் தலை எண்ணியது. எண்ணும் வேலை சீக்கிரம் முடிந்தது. எண்ணியதைப் பிரித்துக் கூட்டி முடிக்க அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதி போனது. இப்படியே விட்டால் அடுத்த கணக்கெடுப்பு வாசலில் வந்து நிற்கும்போதும் போன கணக்கு முடிந்திருக்காது என்று எல்லோருக்கும் கவலை.

அந்தக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஹோலரித் என்ற இளம் பொறியாளருக்கு ரயிலில் ஞானம் பிறந்தது. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் பயணம் செய்யாமல் இருக்க, அக்காலக் கண்டக்டர்கள் பயணியின் அங்க அடையாளத்தை டிக்கெட்டிலேயே ஓட்டை போட்டுக் குறித்தார்கள். வெளிர் முடி, கறுத்த கண், பெரிய மூக்கு. தன் மூக்கைப் பற்றிக் கண்டக்டர் சொன்ன அபிப்பிராயத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிகாகோ வரை போவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை யாரும் பதிவு செய்யவில்லை. ஹோலரித் அந்த மூக்கில் ஓர் அட்டவணையைப் பார்த்தார். ஆளுக்கு ஓர் அட்டை, அடையாளத்துக்கு ஓர் ஓட்டை.

1889-ல் காப்புரிமை கிடைத்தது. 1890 கணக்கெடுப்பில் இயந்திரம் வேலைக்கு வந்தது. அட்டையை வைத்து நெம்புகோலை இழுத்தால், ஸ்பிரிங் வைத்த ஊசிகள் கும்பலாகக் கீழே இறங்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நிற்கும். ஓட்டை உள்ள இடத்தில் நுழைந்து, அடியில் இருக்கும் பாதரசக் குப்பியைத் தொடும். மின்சாரம் பாயும், கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஒரு படி நகரும். எந்த ஊசிக்கு எந்த முள் என்பதைப் பின்னால் உள்ள கம்பிகள் முடிவு செய்தன. ஆகவே "வயது வேண்டும், ஊர் வேண்டாம்" என்று சொல்ல அந்தக் காலத்தில் கம்பியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும்.

சிரமம்தான். ஆனால் அந்த இயந்திரத்திடம் ஒரு நேர்மை இருந்தது. ஓட்டை இருந்தால் எண்ணும், இல்லாவிட்டால் எண்ணாது. "இந்த இடத்தில் ஓட்டை போட மறந்திருப்பார், பாவம், நாமே ஒன்று சேர்த்துக்கொள்வோம்" என்று ஊசி ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த நற்குணத்தை மறுபடி கண்டுபிடிக்க நமக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஹோலரித் தொடங்கிய கம்பெனி கைமாறி, இணைந்து, பெயர் மாறி, 1924-ல் ஐபிஎம் ஆனது. 1928-ல் ஐபிஎம் அட்டையில் 80 நெடுவரிசை வந்தது. அந்த 80 இன்றுவரை சாகவில்லை. 1957-ல் வந்த ஃபோர்ட்ரானில் முதல் ஐந்து நெடுவரிசை எண் எழுத, ஆறாவது தொடர்ச்சியைக் காட்ட, ஏழு முதல் எழுபத்திரண்டு வரை புரோகிராம். மீதி எட்டில் அட்டையின் வரிசை எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அட்டைக் கட்டு கைதவறித் தரையில் கொட்டினால் அந்த எட்டு நெடுவரிசைதான் கதி. வட கரோலினாவில் 1966-ல் முளைத்த சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில், ஒன்று முதல் இருபது வரை பெயர், அடுத்த மூன்று வயது என்று நெடுவரிசை எண் சொல்லியே தரவை வாங்கினார்கள். தரவு இங்கே தொடங்குகிறது என்பதற்கு 'கார்ட்ஸ்' என்று எழுத வேண்டும். அட்டையைக் கண்ணால் பார்த்திராத இன்றைய பிள்ளைகளும் 'கார்ட்ஸ்' என்று எழுதினால் சாஸ் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. இன்றும் ஆர் என்ற புள்ளியியல் மொழி தன் திரை 80 எழுத்து அகலம் என்றுதான் நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறது. அட்டை போய்ச் சேர்ந்தும் அதன் அகலம் மட்டும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

பெயர்க் காண்டம்

1970 ஜூனில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஆங்கிலேயர். அதனால் மேலதிகாரிகளைக் கண்டு பெரிதாகப் பயமில்லை. அந்தக் கட்டுரையில்தான் இன்றைய தரவுத்தளங்களின் ஜாதகம் இருக்கிறது. அதில் பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற ஓரிடம் உண்டு. வணிக உலகில் ஓர் அட்டவணையில் முப்பது நெடுவரிசை இருப்பது சாதாரணம், எது எத்தனையாவது என்று ஞாபகம் வைக்கிற பாரத்தைப் பயனாளர் தலையில் ஏற்றக் கூடாது, பெயரைச் சொல்லிக் கேட்கட்டும் என்கிறார் காட்.

எவ்வளவு நியாயமான பேச்சு. உலகம் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்தது. எத்தனையோ ஆண்டு கழித்தும் எக்செலில் வி-லுக்கப் போடுகிற கணக்காளர், மூன்றாவது நெடுவரிசை என்பதற்கு விரல் விட்டு எண்ணி 3 என்று எழுதிக்கொண்டிருக்கிறார். நடுவில் யாராவது புண்ணியவான் ஒரு நெடுவரிசையைச் செருகினால், 3 அப்படியே நிற்கும், விலை இருந்த இடத்தில் பின்கோடு வரும். ஆறு இலக்கத்தில் ஒரு கிலோ வெண்டைக்காய்.

காட்டின் கம்பெனியே அவர் பேச்சைக் கேட்க அவசரப்படவில்லை. வேறொரு தரவுத்தளத்தில் காசு வந்துகொண்டிருந்தது. 1974-ல் அதே ஆய்வகத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ஆங்கிலம் தெரிந்த யாரும் எழுதக்கூடிய ஒரு வினவல் மொழியை வடிவமைத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்க்யூஎல். "செலக்ட் வயது, ஊர் ஃப்ரம் மாணவர்" என்றால் வயதும் ஊரும் வரும். முடிந்தது கதை. புராணம் இங்கேயே மங்களம் பாடியிருக்கலாம்.

பாடவில்லை. ஏனென்றால் புள்ளியியலாளர்களுக்கு அந்த ஏற்பாடு போதவில்லை. அவர்களுக்கு அட்டவணை வேண்டும், அதே அட்டவணை மேட்ரிக்ஸாகவும் இருக்க வேண்டும், பெயரைப் பாதி சொன்னால் முழுதும் புரிய வேண்டும், முடிந்தால் காப்பியும் போட்டுத் தர வேண்டும்.

சதுர அடைப்புக் காண்டம்

1976-ல் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில், ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் எஸ் என்றொரு மொழியைத் தொடங்கினார்கள். டிரான்சிஸ்டரையும் யுனிக்ஸையும் பெற்றெடுத்த ஆய்வகம். பெயர் வைப்பதில் மட்டும் ஓரெழுத்துக்கு மேல் செலவழிக்காது. சி என்ற மொழியும் அங்கே பிறந்ததுதான்.

அதுவரை ஒரு புது விதமாகத் தரவைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபோர்ட்ரானில் புரோகிராம் எழுதியாக வேண்டும். எஸ்ஸின் லட்சியம் வேறு. சும்மா உட்கார்ந்து தட்டிப் பார்க்கத் தொடங்குகிற ஒருவர், தனக்கே தெரியாமல், மெல்ல மெல்லப் புரோகிராம் எழுதுகிறவராக மாறிவிட வேண்டும். உன்னதமான லட்சியம். அது நிறைவேறியதுதான் பிரச்சினை.

தட்டிப் பார்க்கிறவர் பகல்காரர். திரையைப் பார்த்தபடியே இருக்கிறார்; விடை கோணலாக வந்தால் அங்கேயே தெரியும், இன்னொரு தரம் தட்டுவார். புரோகிராம் எழுதுகிறவர் ராத்திரிக்காரர். எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அது இரவு இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், அவர் பார்த்தே இராத தரவின்மேல் ஓடுகிறது. எஸ்ஸில் பகல்காரருக்கு எத்தனை உபசாரம் உண்டோ, அத்தனையும் ராத்திரிக்காரருக்கு வெட்டிய பள்ளம். இருவரும் ஒரே ஆள் என்பதுதான் இதில் கூடுதல் சுவாரசியம்.

டேட்டா ஃப்ரேம் என்ற அட்டவணை எஸ்ஸுக்குள் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு எம்.ஜி.ஆர். படத்தில் வருவதுபோல் இரட்டை வேடம். உள்ளே அது நெடுவரிசைகளின் பட்டியல், வெளியே மேட்ரிக்ஸ். சதுர அடைப்புக்குள் கமா இல்லாமல் மாணவர்[2] என்றால் பட்டியல் வேடம்: இரண்டாவது நெடுவரிசை மட்டும் உள்ள குட்டி அட்டவணை கிடைக்கும். கமாவோடு மாணவர்[, 2] என்றால் மேட்ரிக்ஸ் வேடம்: அட்டவணை போய்விடும், வெறும் எண்களின் சரம் கிடைக்கும். இரட்டை அடைப்பில் மாணவர்[[2]] என்றாலும் சரம்தான். மச்சம் இருக்கிறதா என்று பார்த்து அண்ணன் தம்பியை அடையாளம் காண்பது படத்தில். இங்கே கமா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேட்ரிக்ஸ் வேடத்துக்கு ஏன் இந்தக் குணம்? ஒரே நெடுவரிசை கேட்டால் கேட்டவருக்கு அட்டவணை எதற்கு, சராசரி பார்க்கத்தானே கேட்கிறார், சரமாகவே கொடுத்துவிடுவோம் என்ற உபசாரம். 'டிராப்' என்று இதற்கு ஒரு சுவிட்ச். யாரும் தொடாவிட்டால் அது போட்டபடியே இருக்கும்.

ராத்திரிக்காரருக்கு என்ன ஆகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அவர் எழுதிய புரோகிராம், வருகிற அட்டவணையில் எண்கள் உள்ள நெடுவரிசைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி போடும். திங்களன்று ஐந்து நெடுவரிசை: சராசரி வந்தது. செவ்வாய் மூன்று: வந்தது. புதனன்று வந்த கோப்பில் எண் உள்ளது ஒன்றே ஒன்று. புரோகிராம் அந்த ஒன்றைக் கேட்கிறது. எஸ்ஸின் வாரிசாகப் பின்னால் வந்த ஆர் மரியாதையாகச் சரமாக்கிக் கொடுக்கிறது. அடுத்த அடியில் நெடுவரிசைச் சராசரி போடும் ஃபங்ஷன், "குறைந்தது இரண்டு பரிமாணம் வேண்டும்" என்று கையை விரித்துவிட்டு நின்றுவிடுகிறது. இரவு மணி இரண்டு. ராத்திரிக்காரர் காலையில் வந்து மூன்று மணி நேரம் தரவைத் திட்டுகிறார். தரவு ஒரு பாவமும் அறியாதது. ஐந்தைக் கேட்டால் அட்டவணை, மூன்றைக் கேட்டால் அட்டவணை, ஒன்றைக் கேட்டால் மட்டும் வேறு ஜந்து என்பது உபசரித்தவர் செய்த ஏற்பாடு.

டாலர்க் காண்டம்

1993-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் எஸ்ஸின் சாயலில் ஒரு மொழியைச் செய்து வெளியே விட்டார்கள். இருவர் பெயரும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் மொழிக்கு ஆர் என்று பெயர். 1.0.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ல் பிறந்தது. பிறந்தநாள் கேக் செலவு நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். எஸ்ஸின் சொத்து மொத்தமும் ஆருக்கு வந்தது. கடனும் சேர்த்து.

அந்தக் கடனில் முக்கியமானது டாலர் குறி. மாணவர்$உயரம் என்றால் உயரம் வரும். அழகு. ஆனால் பகல்காரருக்கு விரல் வலிக்குமே என்ற கரிசனத்தில், பெயரின் முன்பாதி போதும் என்று விட்டுவிட்டார்கள். மாணவர்$உய என்று தட்டினாலும் உயரம் வரும். உய என்று தொடங்குகிற நெடுவரிசை இரண்டு இருந்தால்? எரர் எதுவும் வராது. 'நல்' என்று ஒரு வெறுமை வரும். எந்த நெடுவரிசையும் அப்படித் தொடங்காவிட்டாலும் அதே வெறுமை. நீங்கள் கேட்டது இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதற்கும், எங்கேயுமே இல்லை என்பதற்கும் ஒரே மௌனம்.

இதைவிடப் பெரிய கூத்து, எழுதும்போது. உயரம் சென்டிமீட்டரில் இருக்கிறது. மீட்டருக்கு மாற்ற வேண்டும். சுருக்கெழுத்துக்குப் பழகிய கை, மாணவர்$உய-வை எடுத்து நூறால் வகுத்து மாணவர்$உய-விலேயே போடுகிறது. படிக்கும்போது ஆர் யூகிக்கும்: உய என்றால் உயரம். எழுதும்போது யூகிக்காது: உய என்று ஒரு நெடுவரிசை இல்லை, ஆகவே புதிதாக ஒன்று செய்து அட்டவணையின் வால்பக்கத்தில் ஒட்டிவிடும். உயரம் பழைய சென்டிமீட்டரிலேயே சுகமாக இருக்கிறது. அடுத்த வரியில் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து பிஎம்ஐ கணக்கிடுகிறார்கள். 60 கிலோ, 160 சென்டிமீட்டர் மாணவருக்கு 23.4 வரவேண்டும்; 0.0023 வருகிறது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. ஊரில் ஒரு பிள்ளைக்கும் சதை கிடையாது என்று அறிக்கை தயார்.

முன்பாதி யூகத்துக்கு எச்சரிக்கை கொடு என்று ஆரிடம் சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. நாமாகத் தேடிப் போய்ப் போட்டுக்கொண்டால்தான் உண்டு.

அட்டாச் என்று இன்னொரு வசதி. ஒவ்வொரு தடவையும் அட்டவணைப் பெயரைச் சொல்வானேன் என்று அட்டவணையை அவிழ்த்து, நெடுவரிசைகளைக் கூடத்தில் பரப்பிவிடும். அதன்பின் வெறுமனே வயது என்றால் போதும். ஏற்கெனவே வயது என்று ஒரு மாறி வைத்திருந்தால் அதுதான் முதலில் கிடைக்கும். அட்டவணையின் வயது அதன் முதுகுக்குப் பின்னால். போதாக்குறைக்குக் கூடத்தில் பரப்பியது நகல். அட்டவணையில் வயதைத் திருத்தினாலும் கூடத்தில் இருக்கும் வயதுக்கு வயதே ஆகாது. அட்டாச் வேண்டாம் என்று சொல்லாத ஆர் ஆசிரியர் இன்று அரிது. அது இல்லாத ஆர் பதிப்பு அதைவிட அரிது.

கழித்தல் காண்டம்

வேண்டியதைக் கேட்பது ஒரு வகை. வேண்டாததைக் கழிப்பது இன்னொரு வகை. எண்ணுக்கு முன் மைனஸ் போட்டால் அந்த நெடுவரிசை போய்விடும்: மாணவர்[, -2] என்றால் இரண்டாவது தவிர மற்றவை. சரி, பெயருக்கு முன் மைனஸ் போடலாமா என்றால், எழுத்தைக் கழிக்கத் தெரியாது என்று ஆர் மறுத்துவிடும். இது நியாயம்.

ஆனால் மனிதன் விடுவானா? "எடை என்ற பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார், அந்த இடத்தைக் கழி" என்று சுற்றுவழி கண்டுபிடித்தான். இடம் பார்க்கிற ஃபங்ஷனின் பெயர் விச். அட்டவணையில் எடை ஐந்தாவது என்றால் விச் 5 என்கிறது, மைனஸ் போட்டால் -5, எடை ஒழிந்தது. பகல்காரர் பலமுறை பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டார்.

ஒருநாள் எடையே இல்லாத கோப்பு வருகிறது. விச் தேடுகிறது, எங்கும் இல்லை, வெறும் கையைக் காட்டுகிறது. வெறும் கைக்கு மைனஸ் போட்டால் வெறும் கை. இப்போது ஆருக்குப் போய்ச் சேரும் உத்தரவு "எதையும் கழிக்காதே" அல்ல. "எதையும் கொடுக்காதே." ஆர் அப்படியே நிறைவேற்றுகிறது. பகல்காரர்கள் எல்லோரும் பழகிப் பார்க்கிற ஓர் அட்டவணை உண்டு, 1974-ஆம் ஆண்டின் மோட்டார் டிரெண்ட் பத்திரிகையிலிருந்து எடுத்தது, 32 கார், 11 நெடுவரிசை. அதில் இந்த வித்தையைச் செய்து, இல்லாத ஒன்றைக் கழிக்கச் சொன்னால், "0 நெடுவரிசையும் 32 வரிசையும் கொண்ட டேட்டா ஃப்ரேம்" என்று ஆர் பதில் சொல்லும். கார் ஒவ்வொன்றும் இருக்கிறது. இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, மைலேஜ் இல்லை. அத்வைதிகள் பல நூற்றாண்டு தவம் செய்து அடைந்த நிர்க்குண நிலையை ஆர் ஒரு மைனஸில் காட்டிவிடுகிறது.

கவனிக்க: இங்கே ஆர் யூகிக்கவில்லை. யூகித்தது மனிதன், அந்த நெடுவரிசை எப்போதும் இருக்கும் என்று. நோய் இரண்டு பக்கமும் உண்டு.

ஐந்து காண்டம்

ஆரின் மந்தத்தைக் கண்டு பொறுக்காமல், மேட் டவுல் என்பவர் 2006-ல் டேட்டா.டேபிள் என்ற பேக்கேஜை வெளியிட்டார். வேகம் என்றால் அப்படியொரு வேகம். கோடி வரிசை உள்ள அட்டவணையை அது மேய்ந்து முடிப்பதற்குள் பழைய டேட்டா ஃப்ரேம் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும். ஆசையாக ஓடிவந்த புதியவர்களுக்கும் அதற்கும் அந்தக் காலத்தில் நடந்த உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான்:

"ஐயா, ஐந்தாவது நெடுவரிசையைக் கொடுங்கள்."

"5."

"இல்லைங்க, ஐந்தாவது நெடுவரிசை."

"அதான் சொன்னேனே தம்பி, 5."

"சரி, பெயரே சொல்கிறேன். 'வயது'."

"வயது."

"உள்ளே இருக்கிற எண்கள் எங்கேய்யா?"

"அதை நீ கேட்கவில்லையே."

கிண்டல் அல்ல, தர்க்கம். கமாவுக்குப் பின்னால் வருவதை டேட்டா.டேபிள் நெடுவரிசை எண்ணாகப் பார்க்காது. அட்டவணைக்குள் நின்று கணக்கிட வேண்டிய கோவையாகப் பார்க்கும். சராசரி(வயது) என்று எழுதினால் அங்கேயே சராசரி வரும் என்பதுதான் அதன் பெரிய வரம். அந்த வரத்தின்படி 5 என்ற கோவையின் மதிப்பு என்ன? ஐந்து. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். நெடுவரிசைதான் வேண்டுமென்றால் 'வித்' என்ற சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பேக்கேஜோடு வந்த கேள்வி பதிலில் முதல் கேள்வியே "ஐந்து கேட்டால் ஏன் ஐந்து வருகிறது?" என்பதுதான். 2016-ல் வந்த பதிப்பில் டேட்டா.டேபிள் இறங்கிவந்தது: வெறும் எண்ணோ மேற்கோளுக்குள் பெயரோ வந்தால் நெடுவரிசையைத்தான் கேட்கிறார்கள் என்று ஏற்றுக்கொண்டது. பத்தாண்டு தர்க்கத்தை ஜனங்களின் புலம்பல் வென்றது.

செலக்ட் காண்டம்

2014 ஜனவரியில் ஹாட்லி விக்கமும் ரொமெய்ன் ஃபிரான்சுவாவும் டிப்ளையர் என்ற பேக்கேஜை வெளியிட்டார்கள். அடைப்பு வேண்டாம், கமா வேண்டாம், டாலர் வேண்டாம், மேற்கோள்கூட வேண்டாம். செலக்ட்(மாணவர், வயது, ஊர்). இன்ன எழுத்தில் தொடங்குகிறவை, இன்ன சொல் உள்ளவை என்று கூட்டாகவும் கேட்கலாம். நாற்பது ஆண்டு தாமதமாக எஸ்க்யூஎல்லின் நிம்மதி புள்ளியியலாளர்களுக்கும் வந்தது. பகல்காரர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

முதல் இடி பழைய வீட்டிலிருந்தே விழுந்தது. வெனபிள்ஸ், ரிப்ளி என்ற இரு பெரியவர்களின் புகழ்பெற்ற பாடநூலோடு வரும் மாஸ் என்ற பேக்கேஜ் ஆரோடு சேர்ந்தே வருகிறது. அதிலும் ஒரு செலக்ட் உண்டு. அது வேறொரு புள்ளியியல் முறைக்கானது, நெடுவரிசைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. டிப்ளையருக்குப் பின்னால் மாஸை அழைத்தால், கடைசியாக வந்த செலக்ட்தான் வாசலில் நிற்கும். அதனிடம் வயதையும் ஊரையும் நீட்டினால், "இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று எரர். ஒன்று இன்னொன்றை மறைக்கிறது என்று ஆர் முன்பே சொல்லியிருக்கும். பேக்கேஜை அழைக்கும்போது வந்து விழுகிற அந்தச் செய்திகளைப் படிக்கிறவர்கள், சோப்பு டப்பாவின் பின்பக்கத்தையும் படிக்கிற ஜாதி.

இரண்டாவது இடி ராத்திரிக்காரருக்கு. மேற்கோள் இல்லாமல் வயது என்று எழுதினால் அது நெடுவரிசையா, அந்தப் பெயரில் நான் வைத்திருக்கும் மாறியா? டிப்ளையர் முதலில் நெடுவரிசையாகப் பார்க்கும். இல்லையென்றால் வெளியே தேடும். எந்த நெடுவரிசை என்பதைப் புரோகிராம் ஓடும்போதுதான் முடிவு செய்வேன் என்கிறவர் இதை எப்படி எழுதுவது? இதற்காக நடந்த ஆராய்ச்சி ஒரு தனி யுகம். முதலில் செலக்டுக்கு வாலில் ஒரு கோடு போட்ட தம்பி வந்தான். 2017-ல் அவனை ஒதுக்கிவிட்டு, பெயருக்கு முன் இரண்டு ஆச்சரியக்குறி போடுங்கள் என்றார்கள். அதற்கு அதிகாரபூர்வப் பெயர் பேங்-பேங். விளக்கக் கட்டுரையைப் படித்தவர்களே மேலும் நாலு ஆச்சரியக்குறி போட்டார்கள். 2019-ல், அது கஷ்டம்தான், இரட்டைச் சுருள் அடைப்பு போடுங்கள் என்றார்கள். அதன் பெயர் கர்லி-கர்லி. பெயர்களைப் பார்த்தால் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி, உள்ளே போனால் லிஸ்ப் மொழியின் உபநிஷதம்.

கடைசியில் 2020-ல் இரண்டு சாதுவான ஃபங்ஷன்கள் வந்தன. ஆல்-ஆஃப், எனி-ஆஃப். பெயர்ப் பட்டியலை ஆல்-ஆஃபிடம் கொடுத்தால், அத்தனையும் அட்டவணையில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் எரர். எனி-ஆஃபிடம் கொடுத்தால் இருப்பதைக் கொடு, இல்லாததை விடு என்று பொருள். கழித்தல் காண்டத்தின் சாபத்துக்கும் இதுதான் விமோசனம்: எடை இருந்தால் கழியும், இல்லாவிட்டால் அட்டவணை அப்படியே இருக்கும். உத்தரவு போடுகிறவரே தன் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார். மனசைப் படிக்கிற வேலை இயந்திரத்திடமிருந்து பறிக்கப்பட்டது.

இதே முகாமிலிருந்து 2016-ல் டிபுள் என்ற புதுவகை அட்டவணையும் வந்திருந்தது. ஒரு நெடுவரிசை கேட்டாலும் அட்டவணையாகவே கொடுக்கும். பாதிப் பெயரை ஏற்காது. இல்லாத பெயரைக் கேட்டால் முணுமுணுக்கும். வேலை குறைவாகச் செய்வோம், குறை அதிகமாகச் சொல்வோம் என்பதே அதைச் செய்தவர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமை. நம் அலுவலகங்களில் இதை ஒருவர் நேர்காணலில் சொன்னால் வேலை கிடைக்காது. அட்டவணைகளில் மட்டும் இதுவே முதல் தகுதி.

பாண்டாக் காண்டம்

பக்கத்து நாடான பைத்தானில் 2008-ல் வெஸ் மெக்கின்னி என்பவர், ஏக்யூஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, பாண்டாஸைத் தொடங்கினார். அங்கேயாவது பாடம் கற்றுக்கொண்டார்களா? ஒற்றைச் சதுர அடைப்பில் பெயர் போட்டால் நெடுவரிசை வரும். அதே அடைப்பில் 0:3 என்று போட்டால் வரிசைகள் வரும். புள்ளி வைத்தும் நெடுவரிசையை அழைக்கலாம். ஆனால் நெடுவரிசைக்குக் கவுன்ட் என்று பெயர் வைத்திருந்தால், தரவு வராது, எண்ணுகிற மெத்தட் வந்து நிற்கும். ஐஎக்ஸ் என்றொருவர் இருந்தார்: எண் கொடுத்தால் அது பெயரா இடமா என்று தானே முடிவு செய்வார். 2017-ல் அவரை வேண்டாம் என்று அறிவித்து, 2020-ல் வெளியேற்றினார்கள். அவர் இடத்தில் லோக், ஐலோக் என்று இருவர். லோக் பெயருக்கு, ஐலோக் இடத்துக்கு. லோக்கிடம் வயது முதல் எடை வரை என்றால் எடையும் வரும். ஐலோக்கிடம் 1 முதல் 4 வரை என்றால் 4 வராது. ஆரில் முதல் நெடுவரிசை 1, பைத்தானில் 0. இரண்டு மொழியும் ஒரே அலுவலகத்தில் இருந்தால், முதல் நெடுவரிசை எது என்பதற்கே ஒரு மீட்டிங் போடலாம், போடுகிறார்கள்.

பலச்ருதி

பல காண்டங்கள் ஒரே மாதிரி முடிந்ததைக் கவனித்திருப்பீர்கள். யூகிக்கிற ஐஎக்ஸை விரட்டி, பெயருக்கு ஒருவர் இடத்துக்கு ஒருவர் என்று வைத்தார்கள். யூகிக்கிற செலக்டுக்கு ஆல்-ஆஃப் என்று கடிவாளம் போட்டார்கள். உபசரிக்கிற டேட்டா ஃப்ரேமுக்குப் பக்கத்தில் முணுமுணுக்கிற டிபுளை வைத்தார்கள். 1970-ல் காட் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: பெயரைச் சொல்லிக் கேள்.

பிறகு ஏன் டிராப் சுவிட்சை இன்னும் அணைக்கவில்லை? ஆருக்கு 20,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை அந்தச் சுவிட்ச் போட்டிருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவையோ, அத்தனையும் அன்று இரவே படுத்துவிடும். இஹாகாவே 2008-ல், லிஸ்ப்பை அடித்தளமாக வைத்துப் புதிதாக ஒன்று கட்டலாம் என்று இன்னொருவரோடு சேர்ந்து கட்டுரை எழுதிப் பார்த்தார். பெற்றவர் இடித்துக் கட்டலாம் என்கிறார். குடியிருப்பவர்கள் காலி செய்ய மாட்டோம் என்கிறார்கள். ஆகவே ராத்திரிக்காரர் செய்யக்கூடியது கமாவுக்குப் பின்னால் டிராப் வேண்டாம் என்று கையால் எழுதுவது, டாலரை விட்டு இரட்டை அடைப்பில் முழுப் பெயரை மேற்கோளோடு போடுவது, கழிப்பதற்கு முன் கழிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது.

இப்படி ஐம்பது ஆண்டு போராடி, "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், யூகிக்காதே" என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்து முடித்தோம். முடித்த கையோடு, யூகிப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு ஒன்றைக் கூலிக்கு அமர்த்தி, "வயதும் ஊரும் மட்டும் எடுத்துக் கொடு, ராஜா" என்று அதனிடம் கொஞ்சுகிறோம். அது சந்தோஷமாக, சந்தேகமே இல்லாமல், நம் அட்டவணையில் இல்லாத ஒரு நெடுவரிசைப் பெயரை எழுதிக் கொடுக்கிறது. எழுதியது ஆல்-ஆஃபுக்குள் இருந்தால் எரர் வரும், பிழைத்தோம். டாலருக்குப் பின்னால் இருந்தால் அறிக்கை வரும்.